மழை விடுமுறையைத் தாங்கும் திருப்புதல் அட்டவணை

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கும்போது "பிள்ளைகள் படிப்புக்காக" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் விளையாட்டும் சினிமாப் பாட்டும் இருக்கும். படிப்பு வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தில் நடந்து கொண்டிருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. படிப்பு புத்தகத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் எந்தப் பாடத்தை எந்த நாளில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்கு வைத்துச் சொல்லும் வேலையைக் கம்ப்யூட்டர் நம்மைவிட நன்றாகச் செய்யும். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். ஐந்து நெட்டு வரிசைகள் கொண்ட ஓர் ஒர்க் ஷீட் போதும்.

கடலூர், சிதம்பரம் பகுதி மாணவர்களை மனதில் வைத்து இந்த அட்டவணையைத் தருகிறோம். காரணம் மழை. பொதுத் தேர்வு பெரும்பாலும் மார்ச் மாதம் தொடங்கும். அதற்குப் படிக்க வேண்டிய முக்கியமான மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் கொட்டித் தீர்ப்பதும் இதே மூன்று மாதங்களில்தான். கடலூருக்குக் கெடிலமும் தென்பெண்ணையும், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடமும் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தால் அந்த ஆண்டின் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப் போனது. 2024இல் பெஞ்சல் புயல் நவம்பர் கடைசி நாளில் கரையைக் கடந்தது; அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளுக்குள் வந்தது.

இப்படிப் பத்து நாள் போனால் சுவரில் ஒட்டி வைத்த கால அட்டவணை என்ன ஆகும்? "டிசம்பர் 3: வேதியியல் 4ஆம் பாடம்" என்று எழுதியிருக்கும். அன்று வீட்டில் கரண்ட் இல்லை, புத்தகப் பை பரண் மேல் இருக்கிறது. தண்ணீர் வடிந்த பின் பார்த்தால் அதில் உள்ள எல்லாத் தேதிகளும் தவறு. மாணவர் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு "ஸ்டடி லீவில் பார்த்துக் கொள்ளலாம்" என்று முடிவு செய்வார். உண்மையான நஷ்டம் அந்த முடிவில்தான் இருக்கிறது. நாம் செய்யப் போகும் அட்டவணை, தேதிகளை முன்கூட்டியே எழுதி வைக்காது. நீங்கள் கடைசியாக என்று படித்தீர்களோ அந்த நாளிலிருந்து அடுத்த நாளைக் கணக்கிடும்.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். 1885இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்யும்போது முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34 சதவீதம். ஆறு நாள் கழித்து 25. ஒரு மாதம் கழித்து 21. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய இதே கோடுதான் கிடைத்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்து விடுகிறது. அதற்குப் பிறகு மறதி மெதுவாகத்தான் போகிறது. (பொருள் புரிந்து படித்த பாடம் அர்த்தமில்லாத அசைகளைவிட அதிக நாள் நிற்கும். ஆனால் வேகமாகத் தொடங்கி மெதுவாகும் போக்கு மாறாது.) ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே வர வேண்டும், அடுத்தடுத்த திருப்புதல்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம்.

அவர் கண்ட இன்னொரு விஷயம் பெற்றோர்களுக்கு உதவும். ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பச் சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது. விடிய விடிய உட்கார்ந்து படிக்கும் பிள்ளையைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். அதே நேரத்தை மூன்று நாளாகப் பிரித்திருந்தால் பாதி உழைப்பு மிஞ்சியிருக்கும்.

ஒர்க் ஷீட் தயாரிப்போம்

எக்ஸெல் உள்ளவர்கள் எக்ஸெல்லைத் திறக்கலாம். புதிய கம்ப்யூட்டருடன் வரும் எக்ஸெல் சில சமயம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இலவசமாக இயங்கிப் பின் சந்தா கேட்கும். அப்படியானால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இறக்கிப் பதிந்து கொள்ளுங்கள். அது முழுவதும் இலவசம். அதிலுள்ள கால்க் புரோகிராமில் கீழே சொல்லும் கணக்கு அப்படியே வேலை செய்யும்.

முதல் படுக்கை வரிசையில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் பாடம். பி-யில் கடைசியாகப் படித்த நாள். சி-யில் இடைவெளி. டி-யில் அடுத்த நாள். இ-யில் மதிப்பெண். தமிழில் டைப் செய்ய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 கீபோர்டு உள்ளது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவுக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

இனி ஏ2 செல்லில் பாடத்தின் பெயர். அடுத்து பி2 செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி செமிகோலன் கீயைத் தட்டுங்கள். இன்றைய தேதி தானாக வந்து அமரும். கீபோர்டு தமிழில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். சி2 செல்லில் 1 என டைப் செய்யுங்கள். டி2 செல்லில் சமக் குறி (=) ஒன்றைத் தட்டி, பி2 செல்லில் மவுஸால் கிளிக் செய்து, கூட்டல் குறி தட்டி, சி2 செல்லில் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். நாளைய தேதி தெரியும். பார்முலா என்றதும் பயப்படுபவர்கள் கவனிக்கவும்: ஓர் எழுத்துகூட டைப் செய்யாமல் ஒரு பார்முலா எழுதி விட்டீர்கள்.

டி2 செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் பார்முலா போய்ச் சேரும். பாடத்தைப் படித்த பிறகே அதன் தேதியை பி-யில் இட வேண்டும். அது காலியாக இருக்கும் வரை எக்ஸெல்லில் டி செல் 1900ஆம் ஆண்டு ஜனவரியைக் காட்டும். கோளாறு ஏதும் இல்லை. எக்ஸெல்லுக்கு நாள்கணக்கு தொடங்குவதே அங்கேதான். தேதிக்குப் பதில் 46023 போன்ற எண் வந்தாலும் அதே சங்கதிதான்: 1900 ஜனவரி 1 முதல் எண்ணிக் கொண்டு வந்தால் 2026 ஜனவரி 1 அந்த எண். செல்லின் பார்மட்டை டேட் என மாற்றினால் தேதியாகி விடும். செல் முழுக்க ##### எனத் தெரிந்தால் நெட்டு வரிசை அகலம் போதவில்லை என்று பொருள்.

தேதி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் மாதம் முன்னால் வரும்; நீங்கள் 5/12 என்று டிசம்பர் 5ஐ எழுதினால் அது மே 12 என்று எடுத்துக் கொள்ளும். சோதிக்க, ஒரு காலி செல்லில் 25/12 என்பதை ஆண்டுடன் சேர்த்து டைப் செய்து பாருங்கள். செல்லின் வலது ஓரத்தில் ஒட்டிக் கொண்டால் சரி. இடது ஓரத்தில் நின்றால் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை என்று பொருள். செட்டிங்ஸில் ரீஜன் பகுதிக்குச் சென்று இங்கிலீஷ் இந்தியா எனத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றாமல் இந்த அட்டவணையைத் தொடங்க வேண்டாம். இன்று என்ன தேதி என்றே தெரியாத கம்ப்யூட்டர் நாளை என்ன படிப்பது என்று எப்படிச் சொல்லும்?

தினமும் செய்ய வேண்டியது

பைலைத் திறந்ததும் டி நெட்டு வரிசையில் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, டேட்டா டேபில் சார்ட் ஓல்டஸ்ட் டு நியூவஸ்ட் கட்டளை கொடுங்கள். இன்று பார்க்க வேண்டிய பாடங்களும் ஏற்கெனவே தவறிய பாடங்களும் மேலே வந்து நிற்கும். டி நெட்டு வரிசையை மட்டும் முழுவதுமாக செலக்ட் செய்து சார்ட் செய்யாதீர்கள். பாடங்கள் இடம் மாறாது, பட்டியல் சரியாக வரிசைப்படாது. இடையில் காலி வரிசையும் விடக் கூடாது. கண்ணுக்குப் பளிச்செனத் தெரிய வேண்டுமானால் கண்டிஷனல் பார்மட்டிங் மெனுவில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் எ டேட் அக்கரிங், அதில் டுடே எனத் தேர்ந்தெடுத்தால் இன்றைய தேதி உள்ள செல்கள் நிறம் மாறும்.

இப்போது கம்ப்யூட்டரை விட்டு எழுந்து புத்தகத்துக்குப் போக வேண்டும். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் முன் அந்தப் பாடத்திலிருந்து ஐந்து கேள்விகளுக்குப் பார்க்காமல் விடை எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மாணவர்களில் ஒரு பிரிவினர் மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் வாசித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் இருந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை ஒவ்வொரு பையனையும் நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னது இந்த வேலைதான். அன்று பிரம்பு இருந்தது. இன்று இ நெட்டு வரிசை இருக்கிறது. வாங்கிய மதிப்பெண்ணை அதில் எழுதுங்கள்.

ஐந்துக்கு நான்கோ ஐந்தோ கிடைத்தால் பி-யில் இன்றைய தேதி இட்டு, சி-யில் உள்ள எண்ணை அடுத்த படிக்கு உயர்த்துங்கள். படிகள்: 1, 3, 7, 21, 60. மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் பாடத்தை மறுபடி படித்துவிட்டு, சி-யில் 1 இடுங்கள். ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஒரு பெட்டியில் ஐந்து அறைகள் வைத்து, தெரிந்த அட்டையை அடுத்த அறைக்கும் தெரியாததை முதல் அறைக்கும் தள்ளும் முறையைச் சொன்னார். அந்தப் பெட்டியைத்தான் நாம் ஒர்க் ஷீட்டாக மாற்றியிருக்கிறோம்.

ஓர் உதாரணம். அக்டோபர் 5 அன்று முதலில் படித்த பாடம் அக்டோபர் 6, 9, 16, நவம்பர் 6, ஜனவரி 5 ஆகிய நாட்களில் திரும்ப வரும். ஐந்தே முறை. 60 பாடங்கள் என்றால் மொத்தம் 300 திருப்புதல். அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை சுமார் 150 நாள். ஆக நாளுக்கு இரண்டு. ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தாலும் 40 நிமிட வேலை. புதுப்பாடம் படிக்கும் நேரம் தனி. தவறிய பாடங்கள் மறுபடி 1இலிருந்து வருவதால் சில நாள் மூன்று, நான்கு என்று ஏறும். ஜனவரியில் பள்ளியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கும்போது மற்றவர்கள் முதல் பாடத்தைத் தூசி தட்டுவார்கள்; உங்கள் பிள்ளை அதை ஆறாவது முறை பார்த்திருப்பார்.

மழை வந்தால்

பலரும் தவறு செய்யும் இடம் இது. பத்து நாள் கழித்து பைலைத் திறந்தால் 25 பாடங்கள் தேதி கடந்து நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. 60 நாள் இடைவெளியில் பத்து நாள் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. 21இல் உள்ளவையும் பொறுத்திருக்கும். 1இல் நின்ற பாடம் பெரும்பாலும் போய்விட்டது; அதைப் புதுப்பாடம் போலத்தான் படிக்க வேண்டும், ஆகவே அதற்கும் அவசரமில்லை. காப்பாற்ற முடிந்தும் வேகமாக நழுவிக் கொண்டிருப்பவை 3, 7 என்ற எண் உள்ள பாடங்கள். எனவே அன்று மட்டும் டி-க்குப் பதில் சி நெட்டு வரிசையில் கிளிக் செய்து சார்ட் செய்து, 3, 7 உள்ளவற்றை நாளுக்கு நான்கு வீதம் முடியுங்கள். அவை தீர்ந்ததும் பழையபடி டி-க்குத் திரும்பலாம்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. நவம்பர் 20 அன்று பார்த்த பாடம், இடைவெளி 7, நவம்பர் 27இல் வர வேண்டியது. மழையால் டிசம்பர் 8 அன்றுதான் எழுதிப் பார்க்கிறார். ஐந்துக்கு நான்கு கிடைக்கிறது. 18 நாள் தாங்கிய பாடம் அது. தயங்காமல் 21 போடுங்கள். மழை நாட்களும் இடைவெளியாகவே கணக்கில் சேர்ந்து விட்டன.

வானிலை எச்சரிக்கை வந்த அன்றே டி-யின்படி சார்ட் செய்து, அடுத்த இரண்டு வாரத்துக்கான வரிசைகளை செலக்ட் செய்து, பிரிண்ட் விண்டோவில் பிரிண்ட் செலக்ஷன் கொடுத்து ஒரு தாள் எடுத்து விடுங்கள். பிரிண்டர் இல்லை என்றால் கையால் எழுதலாம். பத்து நிமிடம்தான் ஆகும். கரண்ட் இல்லாத நாட்களில் படித்த தேதியையும் மதிப்பெண்ணையும் தாளிலேயே குறித்து வைத்துப் பின்னால் பைலில் ஏற்றலாம். சிபியுவைத் தரையிலிருந்து தூக்கி மேஜை மேல் வையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யவே கூடாது.

பைலின் நகல் ஒன்று பென் டிரைவிலும் ஒன்று கூகுள் டிரைவிலும் இருக்கட்டும். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டி வைக்கப்பட்டிருந்ததாகவும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்ததாகவும் மரபு சொல்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பதன் ஆபத்தைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேறு தேர்வுகளுக்கு

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியதிலிருந்து, வேலைக்குப் போய்க் கொண்டே பட்டப் படிப்பு படிப்பவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். குரூப் 4 எழுதுபவர்களும் குறைவில்லை. இவர்களுக்குத் தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இடைவெளி மாற வேண்டும். செபேடா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1,350க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்வு ஒரு வாரத்தில் என்றால் அந்தக் காலத்தின் 20 முதல் 40 சதவீதம் வரையிலான இடைவெளி நல்லது. அதாவது இரண்டு நாள் அளவு. ஓர் ஆண்டு கழித்து என்றால் 5 முதல் 10 சதவீதம். அதாவது மூன்று முதல் ஐந்து வாரம். 1, 3, 7, 21, 60 என்பது மார்ச் தேர்வுக்காக நாம் வசதிக்கு வைத்துக் கொண்ட எண்கள், வேதவாக்கு அல்ல. இரண்டு மாதத்தில் தேர்வு என்றால் 60ஐ விட்டுவிட்டு 1, 3, 7, 14 என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆண்டுகள், தனிமங்களின் குறியீடுகள், சொல்லும் பொருளும் போன்ற துண்டுச் செய்திகளுக்கு ஒர்க் ஷீட் சரிப்படாது; வரிசைகள் ஆயிரத்தைத் தாண்டி விடும். அதற்கு அன்கி என்ற புரோகிராம் இருக்கிறது. 2006இல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டு போனில் அன்கிடிராய்டு என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை என அட்டை எழுதினால் இடைவெளியை அதுவே கணக்கிடும். தமிழ் யூனிகோட் நன்றாகத் தெரிகிறது. மற்றவர்கள் செய்து வைத்த ஐயாயிரம் அட்டைத் தொகுப்பை முதல் நாளே இறக்கிக் கொள்ள வேண்டாம். தானே எழுதிய ஐம்பது அட்டைகள் அதைவிடப் பயன் தரும். எழுதும்போதே பாதி மனதில் பதிந்து விடும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் வந்ததும் சி, டி இரண்டையும் மறந்து விடுங்கள். இ நெட்டு வரிசையில் ஒரு செல்லில் கிளிக் செய்து சார்ட் ஸ்மாலஸ்ட் டு லார்ஜஸ்ட் கொடுத்தால், மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பாடங்கள் மேலே வரும். அந்தப் பட்டியலில் முதல் பத்தைத் தாளில் எழுதிக் கொண்டு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து விடலாம்.